கடைசிக் காலச் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கும் கடிதம்: பினாங்கு ஆஸ்பத்திரியில் செல்லுமா?

குளுகோர் செயலாளர் கேட்டது:

வணக்கம். எங்கள் மூத்தோர் சங்கத்துக்கு ஒரு மாதிரிக் கடிதம் தயார் செய்கிறோம். நினைவு தெளிவாக இருக்கும்போதே, "இனித் தேறமாட்டேன் என்ற நிலை வந்தால் இன்னின்னது செய்யலாம், இன்னின்னது வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கிற கடிதம். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் மலாய்.

கூட்டத்தில் வந்த கேள்விகளை அப்படியே தருகிறேன். வக்கீல் முத்திரை இல்லாமல் இது செல்லுமா? வாட்ஸப்பில் இந்தியாவிலிருந்து வரும் படிவத்தையே எடுத்துக்கொள்ளலாமா? மூக்குக் குழாய் வேண்டாம், சுவாச மெஷின் வேண்டாம் என்பது கருணைக்கொலையில் சேருமா, பிள்ளைகள் மேல் போலீஸ் கேஸ் வருமா? கடும் வலிக்கு மார்ஃபின் கொடுப்பது மெதுவாகக் கொல்வதுதானே என்றார் ஒருவர். "என் உயிர், என் முடிவு. ஒரு ஊசி போட்டு அனுப்பி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் இன்னொரு பெரியவர். அவருக்கு மேடையிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அனுபவக் கதைகள் நிறைய கேட்டாயிற்று. கடிதத்தில் எந்த வரி வர வேண்டும், எந்த வரி வந்தால் கெடும் என்பதுதான் இப்போது வேண்டும்.

---

செந்தூல் வக்கீல்:

செயலாளர் ஐயா, சட்டத்தை நான் சொல்லிவிடுகிறேன், மருத்துவத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

இந்தக் கடிதத்துக்கென்று மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. சிங்கப்பூரில் 1996-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே நமக்குப் பிடிமானம், சம்மதம் பெறுவது பற்றி மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர்களுக்கு வகுத்திருக்கும் வழிகாட்டி. நோயாளி ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத்தில், இப்போது வந்திருக்கும் அதே நிலைமைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சிகிச்சையை மறுத்திருந்தால், டாக்டர் அதைச் செய்யக்கூடாது என்கிறது அது. கருணைக்கொலை போல சட்டம் தடுக்கும் ஒன்றைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டளை செல்லாது. அவசரத்தில், கடிதத்தின் செல்லுபடி தெளிவாகும்வரை டாக்டர் தம் தொழில் தீர்ப்புப்படி சிகிச்சை தரலாம். கடிதம் பழையது, மொட்டையாக இருக்கிறது, எழுதியபோது புத்தித் தெளிவு இருந்ததா என்று தெரியவில்லை என்றால் நெருங்கிய சொந்தத்தைக் கேட்பார்கள். ஆகவே, அரைகுறையாக எழுதிய கடிதம் கடைசியில் மூத்த மகன் என்ன சொல்கிறார் என்பதில்தான் போய் நிற்கும்.

முத்திரை கட்டாயமில்லை. சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டால் கெடுதலும் இல்லை. ஆனால் அது காட்டுவது கையெழுத்து யாருடையது என்பதை மட்டும். அன்றைக்கு அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது என்பதை ஒரு டாக்டர்தான் சொல்ல முடியும். வழக்கமாகப் போகும் கிளினிக்கில், "இன்று இவரோடு பேசினேன், தம் நோயையும், சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் புரிந்துகொண்டே சொல்கிறார்" என்று தேதியோடு இரண்டு வரி வாங்குங்கள். எந்த முத்திரையையும் விட அந்த இரண்டு வரிக்கு வார்டில் மதிப்பு அதிகம். சாட்சிகள் இருவர் போதும், சொத்தில் பங்கு வரக்கூடியவர்கள் வேண்டாம்.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதில் எல்லாம் அடங்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அடங்காது. எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்ததும் இங்கே அந்தப் பத்திரம் செயலிழந்துவிடும். நமக்கோ அப்போதுதான் அது தேவைப்படும். "என் சார்பில் என் மகள் பேசுவார்" என்று கடிதத்தில் எழுதுவது அவருக்குச் சட்டப் பதவி தராது, டாக்டர் யாரிடம் பேசுவது என்ற குழப்பத்தைத் தீர்க்கும். ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். இரண்டு பிள்ளைகள் பெயர் எழுதினால் இரண்டு பதில் வரும்.

இந்தியப் படிவம் வேண்டாம். அங்கே உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி தந்த தீர்ப்பில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்று வைத்தார்கள். நடைமுறைக்கு ஒத்துவராததால் 2023 ஜனவரியில் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று தளர்த்தினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு அடுக்கு மருத்துவக் குழு கூடி முடிவு சொல்வது அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. "என் நிலையை முதல்நிலை மருத்துவக் குழு ஆராயட்டும்" என்று எழுதி வைத்தால், அப்படியொரு குழுவை ஜார்ஜ் டவுன் வார்டு டாக்டர் எங்கே போய்த் தேடுவார்?

போலீஸ் கேஸ் பற்றி. தெளிவுள்ள ஒருவர் சிகிச்சையை மறுப்பது அவர் உரிமை. குடும்பம் அதை எடுத்துச் சொல்வது குற்றமில்லை. தொடங்கிய சிகிச்சையை நிறுத்துவதைப் பற்றி இங்கிலாந்தில் 1993-இல் பிளாண்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது: நினைவு மீளவே மீளாத நோயாளிக்குக் குழாய் உணவை நிறுத்துவது சட்டப்படி சரி என்றார்கள். நம் சிவில் சட்டம் 1956 ஏப்ரல் 7 வரையிலான ஆங்கிலப் பொதுச் சட்டத்தைத்தான் இழுத்து வருகிறது. அதனால் பிளாண்ட் இங்கே கட்டுப்படுத்தாது, மேற்கோள் காட்டலாம்.

ஊசி வேறு விஷயம். அவரே கெஞ்சிக் கேட்டாலும் போட்டவர் குற்றவாளிதான். 18 வயதுக்கு மேற்பட்டவரின் சம்மதத்தோடு செய்திருந்தால், தண்டனைச் சட்டம் 300-ஆம் பிரிவின் ஐந்தாம் விலக்கு அதைக் கொலை என்பதிலிருந்து ஒரு படி இறக்கும்; அப்படியும் 304-இன் கீழ் 30 ஆண்டு வரை சிறை. தற்கொலைக்கு உடந்தையாக இருந்தால் 306-இன் கீழ் 10 ஆண்டு வரை. 2023-இல் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்ததும் "இனி உதவலாம்" என்று சிலர் பேசுகிறார்கள். தவறு. முயன்றவரைத் தண்டிப்பதைத்தான் நிறுத்தினார்கள், உதவியவரை அல்ல.

---

செராஸ் மிஸ்ஸி (வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வலிதணிப்புத் தாதி):

வக்கீல் அண்ணன் சொன்ன "அதே நிலைமை" என்பதில்தான் பத்துக் கடிதத்தில் எட்டு கோட்டை விடுகிறது. "இயற்கையாகப் போக விடுங்கள்", "மெஷின் போடாதீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். 72 வயதில் நிமோனியா. மூன்று நாள் மெஷின் வைத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். அதைத்தானா மறுக்கிறார்? டாக்டருக்குத் தெரியாது. தெரியாதபோது குழாய் போடுவார். போடவும் வேண்டும்.

முதலில் எந்த நிலை என்று எழுதுங்கள். "பெரிய ஸ்ட்ரோக் வந்து, இரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் ஆள் அடையாளம் தெரியாமல், சொன்னது புரியாமல் கிடந்தால்." "மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளைகளைத் தெரியாமல், விழுங்கவும் முடியாமல் போனால்." "புற்றுநோய் பரவி, இனி அதைக் குறைக்கும் சிகிச்சை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு." ஒவ்வொரு நிலைக்கும் கீழே எது வேண்டும், எது வேண்டாம்: நெஞ்சை அழுத்தி எழுப்பும் சி.பி.ஆர்., சுவாசக் குழாய், டயாலிசிஸ், மூக்குக் குழாய், ரத்தம் ஏற்றுவது, ஊசி வழி ஆன்டிபயாடிக், திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. ஒருவர் டயாலிசிஸ் வேண்டாம் என்பார், ஆன்டிபயாடிக் வேண்டும் என்பார். அது அவர் இஷ்டம். மொத்தமாக "எல்லாச் சிகிச்சையும் வேண்டாம்" என்று எழுதினால் வலி மருந்தையும் சேர்த்து மறுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கடைசி வரி கட்டாயம்: "எந்த நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கு மருந்தும், வாய் சுத்தம், புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தல் ஆகிய பராமரிப்பும் வேண்டும்."

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. கெடு வைத்த முயற்சி. "மெஷின் ஏழு நாள் வைத்துப் பாருங்கள். தேறும் அறிகுறி இல்லை என்றால் எடுத்துவிடுங்கள், தொண்டையில் துளை போட வேண்டாம்." வாய்வழிக் குழாய் பத்துப் பதினைந்து நாளைத் தாண்டும்போது டாக்டர்கள் தொண்டைத் துளைக்குக் கையெழுத்து கேட்பார்கள். குடும்பம் குழம்பி நிற்கும் நாள் அது. அந்தக் கேள்விக்குக் கடிதத்திலேயே பதில் இருக்கட்டும்.

சி.பி.ஆர். என்றால் என்ன என்று கூட்டத்தில் விளக்குங்கள், டிவி நாடகம் பார்த்துத்தான் நிறைய பேர் முடிவெடுக்கிறார்கள். நெஞ்செலும்பு ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு விலா உடையும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புவோர் பல நாட்டுக் கணக்கிலும் ஐந்தில் ஒருவர் அளவுதான். புற்றுநோய் முற்றியவர்களில் அதைவிடக் குறைவு. டி.என்.ஆர். என்று ஃபைலில் எழுதும் குறிப்பு, சி.பி.ஆர். என்ற இந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்பது. "டி.என்.ஆர். போட்டாச்சு, இனி யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்" என்ற பயத்தில் கையெழுத்துப் போடாத குடும்பங்கள் நிறைய. வார்டிலும் சில இடங்களில் அந்த அலட்சியம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் மேலே சொன்ன கடைசி வரி. இன்னொன்று: ஒரு ஆஸ்பத்திரியில் போட்ட டி.என்.ஆர். அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கூட வராது. ஒவ்வொரு தடவை அட்மிட் ஆகும்போதும் கடிதத்தின் நகலைக் கொடுத்து, புதிதாகப் பேசி, ஃபைலில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

நெஞ்சில் ஷாக் கொடுக்கும் கருவி பொருத்தியவர்கள் சங்கத்தில் இருந்தால் தனியாக ஒரு வரி. உயிர் பிரியும் நேரத்தில் அந்தக் கருவி இதயத் துடிப்பு கோணலாவதைப் பார்த்து ஷாக் அடித்துக்கொண்டே இருக்கும். கடைசிக் கட்டம் என்று தெரிந்ததும் இதய கிளினிக்கில் ஷாக் வேலையை மட்டும் அணைக்கச் சொல்லலாம். ஆபரேஷன் தேவையில்லை, வெளியிலிருந்தே அணைப்பார்கள்.

மூக்குக் குழாய்தான் நம் வீடுகளில் பெரிய சண்டை. "அம்மாவைப் பட்டினி போட்டுக் கொல்றியா?" என்ற ஒரு கேள்வியில் எல்லாக் கடிதமும் தோற்றுப் போகும். முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நுரையீரலுக்குள் உணவு போவதைத் தடுப்பதாகவோ ஆய்வுகளில் தெரியவில்லை. குழாயைப் பிடுங்கிக்கொள்வதால் கையைக் கட்டி வைப்பதுதான் மிச்சம். மாற்று, கையால் ஊட்டுவது: நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிய கரண்டி, கெட்டியாக்கிய கஞ்சி, விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும். இறப்புக்கு முந்திய சில நாளில் பசியும் தாகமும் தானாகவே மங்கும். அப்போது டிரிப்பில் தண்ணீர் ஏற்றினால் அது காலில் வீக்கமாகவும் தொண்டையில் களகளவென்ற சத்தமாகவும் நிற்கும். வாய் காய்வதற்குத்தான் கவனிப்பு தேவை. பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரப்படுத்துங்கள். வாயில் பால் ஊற்றும் சடங்கைத் தடுக்க வேண்டியதில்லை. கரண்டியால் ஊற்றினால் புரையேறும். பஞ்சில் இரண்டு சொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தால் சடங்கும் ஆயிற்று, பாட்டிக்கும் தொந்தரவில்லை.

---

ஈப்போ ரோடு தம்பி:

இவ்வளவு எழுதியும் கடைசியில் சிட்னியிலிருந்து வந்து இறங்குகிற அண்ணன் "எல்லாம் செய்யுங்க டாக்டர், பணம் நான் தர்றேன்" என்றால் கடிதம் குப்பைக்குத்தானே? இதில் தனிமனித உரிமை எங்கே இருக்கிறது?

---

செந்தூல் வக்கீல்:

தம்பி, சட்டப்படி அந்த அண்ணனுக்கு வீட்டோ கிடையாது. நடைமுறையில் உண்டு, ஏனென்றால் இறந்தவர் கேஸ் போடமாட்டார், இருப்பவர் போடுவார். டாக்டரின் பயம் அதுதான். இதற்குக் கடிதத்துக்கு வெளியேதான் வைத்தியம்: கையெழுத்துப் போட்ட வாரமே எல்லாப் பிள்ளைகளையும், வெளிநாட்டில் இருப்பவரை வீடியோவிலாவது, சேர்த்து உட்காரவைத்து அவரே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அதை யாராவது ஃபோனில் பதிவு செய்யட்டும். வார்டில் குடும்பக் கூட்டம் நடக்கும்போது அந்தப் பதிவு பேசும். டாக்டர் கேட்கும் கேள்வியையும் மாற்றச் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் மகன் "எல்லாம்" என்பான். "அப்பா இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டால் பதில் வேறாக வரும்.

---

தஞ்சோங் பூங்கா மருந்தாளர்:

மார்ஃபின் சந்தேகத்துக்கு மட்டும்.

வலிக்கு ஏற்றபடி சிறிது சிறிதாகக் கூட்டினால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மார்ஃபின் தொடாதவருக்கு வாய்வழியாக 2.5 முதல் 5 மில்லிகிராம், நாலு மணிக்கு ஒரு தடவை என்றுதான் டாக்டர்கள் பெரும்பாலும் தொடங்குவார்கள். இடையில் வலி கிளம்பினால் ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. வீட்டில் தவறு நடப்பது அளவில்தான். 5 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் உள்ள கரைசலில் 2.5 மில்லிகிராம் என்பது 1.25 மில்லிலிட்டர், "ரெண்டரை" என்று காதில் வாங்கிக்கொண்டு 2.5 மில்லிலிட்டர் கொடுத்தால் இரண்டு மடங்கு. டீஸ்பூனைத் தொடாதீர்கள், வாய்வழி சிரிஞ்ச் கேட்டு வாங்கி, கோடு எதுவரை என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். புட்டியில் உள்ள அடர்வையும் ஒவ்வொரு தடவையும் படியுங்கள், எல்லாப் புட்டியும் ஒன்றல்ல. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். தூக்கமும் குமட்டலும் சில நாளில் பழகும், மலச்சிக்கல் பழகாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மார்ஃபினின் கழிவு உடம்பில் தங்கி, கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், உளறுவார்கள். உடனே சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

கடைசி மணிகளில் மூச்சு நின்று நின்று வரும். அப்போது வழக்கமான டோஸ் கொடுத்து, சற்று நேரத்தில் உயிர் பிரிந்தால், கொடுத்த மகள் "நான்தான் கொன்றேன்" என்று காலமெல்லாம் மருகுவாள். கொன்றது நோய். இதை முன்கூட்டியே அந்தப் பெண்ணிடம் சொல்லிவைப்பதும் மருந்துச் சீட்டின் பகுதிதான்.

---

பாயான் லெப்பாஸ்:

ஊசி கேட்ட பெரியவருக்கு "சட்டத்தில் இடமில்லை" என்று மட்டும் சொல்லி உட்கார வைக்கக் கூடாது. அவர் கேட்டது அறம் பற்றிய கேள்வி.

சாக விடுவது வேறு, சாகடிப்பது வேறு என்ற கோடு வக்கீல் போட்ட அளவுக்கு நேராக இல்லை. மிஸ்ஸி சொன்ன ஷாக் கருவியை அணைக்கலாம், யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். ஆனால் இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி இல்லாமல் துடிக்கவே துடிக்காத இதயம் என்று வையுங்கள். அவர் சொல்லி அதை அணைத்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அது சிகிச்சை மறுப்பா, கொலையா? மறுப்பு என்றே பெரும்பாலான மருத்துவ அறநூலார் சொல்கிறார்கள். ஆனாலும் பல டாக்டர்களுக்குக் கை வராது. அப்படியென்றால் வித்தியாசம் கையின் அசைவில் இல்லை. ஒருவர் உடம்பில் அவர் விரும்பாத ஒன்றைத் தொடர எவருக்கும் உரிமையில்லை என்பதில் இருக்கிறது. மறுக்கும் உரிமை அதிலிருந்து வருகிறது. இன்னொருவரைக் கொண்டு தன்னைக் கொல்ல வைக்கும் உரிமை அதிலிருந்து தானாக வராது, அதைத் தனியாக வாதிட்டுத்தான் பெற வேண்டும்.

அப்படி வாதிட்டுப் பெற்ற நாடுகள் உண்டு: நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-இல், கனடா 2016-இல், நியூசிலாந்து 2021-இல். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே டாக்டர் ஊசி போடுவதில்லை, ஆறு மாதத்துக்குள் இறப்பு என்று கணித்தவருக்கு மருந்து எழுதித் தருகிறார், அவரே குடிக்க வேண்டும். அங்கே கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நிற்பது வலி அல்ல. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமை, வாழ்வில் ரசிக்க ஒன்றும் இல்லாமை. எனவே "நல்ல வலி மருந்து கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்" என்று வலிதணிப்புத் துறையினர் சொல்வது பாதி உண்மைதான்.

ஆனாலும் இங்கே அந்தக் கதவைத் திறக்க நான் தயங்குவேன், அதற்குக் காரணம் மதம் அல்ல. நம் மரபிலேயே இரண்டும் இருக்கிறது. சங்ககால அரசன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான்; ஊரே பார்க்க, தன் வாயால் சொல்லி, நண்பன் பிசிராந்தையார் வருவார் என்று இடமும் ஒதுக்கச் சொல்லி உட்கார்ந்தான். விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்துவந்தது. படுத்த படுக்கையான முதியவர்களுக்கு விடியற்காலையில் எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து அனுப்பி வைப்பது. அங்கே முடிவு வீட்டாருடையது. வடக்கிருந்தவன் அரசன், தலைக்கூத்தப்பட்டவள் பேச்சுக்கு மதிப்பில்லாத கிழவி. "பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறேன்" என்பதை நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய தலைமுறையிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது சுலபம். அது யாருடைய விருப்பம் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

---

ஈப்போ ரோடு தம்பி:

பாரமாக உணர்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக, புத்தி கூர்மையாக இருந்து உடம்பு மட்டும் அங்குலம் அங்குலமாக முடங்கும் நரம்பு நோயாளிக்கும் கதவைச் சாத்துவதா? அவர் அரசன் மாதிரித் தெளிவாகத்தானே கேட்கிறார்?

---

பாயான் லெப்பாஸ்:

அவருக்கு நான் சொன்னது அநீதிதான், மறுக்கவில்லை. சுவாச மெஷின் வேண்டாம் என்று மறுக்கவும், மூச்சுத் திணறாதபடி மருந்தால் உறங்கவைக்கக் கேட்கவும் அவருக்கு இன்றே வழி இருக்கிறது. அதற்கு மேல் அவர் கேட்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

சங்கத்துப் பெரியவரிடம் செயலாளர் தனியாகப் போய் ஒன்று கேட்கலாம்: ஐயா, நீங்கள் பயப்படுவது எதற்கு? வலிக்கா, மெஷினில் மாட்டிக்கொள்வதற்கா, மருமகள் மலஜலம் எடுப்பதற்கா, தனிமைக்கா? முதல் இரண்டுக்கும் கடிதத்தில் வரி இருக்கிறது. மூன்றாவதுக்கு ஆள் ஏற்பாடு வேண்டும். நான்காவது என்றால், அல்லது தூக்கமும் சாப்பாடும் குறைந்து எதிலும் பிடிப்பில்லை என்றால், மனச்சோர்வா என்று டாக்டரிடம் காட்டுங்கள், கடிதத்தைத் தள்ளிப்போடலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555-ஐயும் அவரிடம் கொடுத்துவையுங்கள்.

---

குளுகோர் செயலாளர்:

எல்லாருக்கும் நன்றி. படிவத்தை நிலை வாரியாகத் திருத்தி எழுதுகிறோம். பெரியவரிடம் நானே போகிறேன். இரண்டு பாக்கி: கடிதத்தை எங்கே வைப்பது? வீட்டிலேயே கடைசி மூச்சு என்று முடிவு செய்தவருக்கு, அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

---

செராஸ் மிஸ்ஸி:

பேங்க் லாக்கரில் வைக்காதீர்கள், உயிலோடும் கட்டாதீர்கள். உயிலைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அசல் வீட்டில், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் கார்டு இருக்கும் அதே ஃபைலில். நகல் பேசப்போகும் மகளிடம், கிளினிக் டாக்டரிடம், ஒரு படம் எல்லாப் பிள்ளைகள் ஃபோனிலும். ஐசி (அடையாள அட்டை) எண், தேதி ஒவ்வொரு பக்கத்திலும். வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி கையெழுத்து, "இன்றும் இதே எண்ணம்" என்று. மனம் மாறினால் பழையதை எல்லாரிடமிருந்தும் வாங்கிக் கிழித்துவிடுங்கள். மலாய்ப் பக்கத்தை மேலே வையுங்கள், நைட் டூட்டி டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம்.

வீட்டில் இறப்பு என்றால் 999 அழைப்பதுதான் திட்டத்தைக் கெடுக்கும். ஆம்புலன்ஸ் வந்தால் உயிர்ப்பிக்கத்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. கடைசி வாரத்துக்குக் காத்திருக்காமல் முன்பே வீட்டுப் பராமரிப்புக் குழுவில் பதிந்துகொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் கடைசிக் காலப் பராமரிப்பு அமைப்பான ஹோஸ்பிஸ் மலேசியா கட்டணமில்லாமல் வீட்டுக்கு வரும், பினாங்கிலும் ஹோஸ்பிஸ் சங்கம் இருக்கிறது. டாக்டரின் ரெஃபரல் கடிதம் வேண்டும். பதிந்த அன்றே இரண்டு கேளுங்கள்: நடுராத்திரியில் எந்த எண், இறந்த பிறகு மரணச் சான்றுக்கு யார் வருவார் அல்லது யாரிடம் போக வேண்டும். பதிலை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். நோயின் பெயர் போட்ட டாக்டர் கடிதம் ஒன்று அதன் பின்னால் இருந்தால், காரணம் தெரியாத மரணம் என்று விசாரணைக்கு இழுபட வேண்டியிருக்காது.